ஏடுகள் நிரம்பின; எண்ணும் கைகள் எங்கே?

தோழனே!

அண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் பாதை. பௌர்ணமி இரவில் அந்தப் பாதையிலே கால் வைக்க இடமிராது என்பதை நீ அறிவாய். கூட்டம் கலைந்த மறுநாள் காலையிலே நடந்து பார். செங்கம் சாலையிலே, ரமணாசிரமத்தின் வாயிலைக் கடந்து செல்வாயானால், சாலையோரமெங்கும் காவியுடுத்தோர் அமர்ந்திருப்பதைக் காண்பாய். அவர்களிலே துறந்து வந்தவரும் உண்டு. துரத்தப்பட்டு வந்தவரும் உண்டு. இல்லம் வேண்டாமென்று கிளம்பியவரும் உண்டு. இல்லத்தார் வேண்டாமென்று விட்டதால் கிளம்பியவரும் உண்டு. பெயரைக் கேட்டால் 'சாமி' என்பர். ஊரைக் கேட்டால் மலையைக் காட்டுவர். வயதைக் கேட்டால் சிரிப்பர்.

அவர்களிலே ஒருவர் இருமுகிறார் என்று வைத்துக்கொள். மூன்று வாரமாக இருமுகிறார். வெய்யிலென்பார், பனியென்பார், பாதையின் புழுதியென்பார். மருத்துவம் பயிலும் ஏழை வீட்டுப் பெண்ணொருத்தி அதைக் காண்கிறாள். அவள் உள்ளத்திலே ஒரு வினா எழுகிறது: "இப்பாதையில் படுத்துறங்குவோரில் எத்தனை பேருக்குக் காசநோய்? எத்தனை பேர் மருந்தைத் தொடங்கினர்? எத்தனை பேர் ஆறு திங்களும் விழுங்கி முடித்தனர்? முடிக்காதவர் எங்கே போயினர்?"

நல்ல வினா! நாட்டுக்குத் தேவையான வினா! ஆனால், தோழனே, அந்த வினாவுக்கு விடை காண அப்பெண்ணுக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பார். நெஞ்சிலே குழல் வைத்துக் கேட்கக் கற்றிருக்கிறாள். நுரையீரல் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லக் கற்றிருக்கிறாள். 'சாமி' என்ற ஒரே பெயரிலே நாற்பது பேர் ஏட்டில் ஏறினால், அவர்களை நாற்பது மனிதராகப் பிரித்துக் காண்பது எப்படி? ஒரே மனிதர் அரசு மருத்துவமனையிலே 'முருகன்' என்றும், முகாமிலே 'முருகானந்தம்' என்றும், தொண்டு மருந்தகத்திலே 'சாமி' என்றும் பதிவானால், மூவரல்லர், ஒருவரே என்று கண்டுபிடிப்பது எப்படி? இதை அவளுக்கு யார் கற்றுத் தந்தார்?

இதற்குத்தான் மருத்துவத் தகவலியல் என்று பெயர். நோயாளியின் வாயிலிருந்து வரும் சொல்லை, பிழையின்றிப் பதிந்து, ஒழுங்காக அடுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, களவு போகாது காத்து, கடைசியிலே உண்மையைப் பிழிந்தெடுக்கும் கலை. கணினியைத் தட்டுவது மட்டுமல்ல அது. தட்டுவதற்கு முன் எண்ணுவதும், தட்டிய பின் ஐயுறுவதும் சேர்ந்ததே அக்கலை.

"பட்டம் பெறாத நாடகக்காரனுக்கு இதிலே என்ன வேலை?" என்று கேட்போர் இருப்பர். கேட்கட்டும்! நாடகக்காரனுக்குத்தான் இது எளிதில் விளங்கும். மேடையிலே ஆள் பற்றாக்குறை வந்தால் ஒரே நடிகருக்கு இரண்டு வேடம் கொடுப்போம். முதற் காட்சியில் அமைச்சர், மூன்றாம் காட்சியில் சேவகர். பார்ப்போர் கண்டுபிடித்துச் சிரிப்பர், அத்தோடு போயிற்று. நோய்க் கணக்கிலே ஒரே மனிதர் இரண்டு வேடம் போட்டால் சிரிப்போடு போகாது. இல்லாத நோயாளிக்கு மருந்து ஒதுக்கப்படும். இருக்கும் நோயாளி 'சிகிச்சையை விட்டு ஓடியவர்' என்று பழிக்கப்படுவார்.

இதே வட்டாரத்திலே இன்னொரு நோயாளியின் வரலாறும் உண்டு. ரமணரின் இடக்கையிலே கட்டியொன்று தோன்றிற்று. 1949ஆம் ஆண்டில் நான்கு முறை அறுவை செய்தனர். ரேடிய சிகிச்சையும் கொடுத்தனர். சதையிலே தோன்றும் புற்றுநோய் அது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் எந்த மாதம் எந்த அறுவை என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஏன்? சூழ இருந்தோர் எழுதி வைத்தனர். புகழ் பெற்றவரின் நோய்க்கு ஏடு தானாக வந்து சேரும். புகழில்லாதவரின் நோய்க்கு ஏட்டை நாம்தான் எடுத்துச் செல்ல வேண்டும். பக்தர் அவர்களைச் சாமியென்று வணங்கட்டும். நாம் அவர்களைக் குடிமக்களென்று எண்ணுகிறோம். குடிமகன் என்றால் கணக்கிலே வர வேண்டும்!

"இதெல்லாம் மேல்நாட்டுக் கலை, நமக்கு வராது" என்று உதட்டைப் பிதுக்குவோர்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன், கேள்.

1956ஆம் ஆண்டு சென்னையிலே காசநோய் மருந்தாய்வு நடுவம் தொடங்கப்பட்டது. அன்று உலகம் நம்பியது என்ன? காசநோய் வந்தவரை மலையடிவாரத்து மருத்துவமனையிலே மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும், பாலும் முட்டையும் கொடுக்க வேண்டும், இல்லையேல் பிழையார். ஏழைக்கு அந்தப் படுக்கை ஏது? சென்னை ஆய்வாளர் ஒரு பகுதியினரை மருத்துவமனையிலே வைத்தனர். மறு பகுதியினரைக் குடிசையிலே, அவர்கள் உண்ணும் கூழோடும் குழம்போடும் விட்டு, மருந்து மட்டும் கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று: வீட்டில் இருந்தவரும் மருத்துவமனையில் இருந்தவருக்கு நிகராகவே குணமடைந்தனர்! வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற நெறி உலகெங்கும் பரவியது. அந்த ஆய்வாளர் மேசையிலே இன்றைய கணினி இல்லை. ஆனால் பதிவேடு இருந்தது. பதிவேட்டை எழுதப் பயிற்றப்பட்ட கை இருந்தது. கணக்கிடத் தெரிந்த மூளை இருந்தது.

பின்னர் 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்திலே பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பதிவு செய்யப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தொடரப்பட்டனர். பெரியவர்க்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையை அந்த ஆய்வு உலகின் முன் வைத்தது. கசந்தாலும் மறைக்காமல் சொல்ல முடிந்தது. ஏனெனில் கணக்கு கையிலே இருந்தது.

அடையாற்றிலே முத்துலட்சுமி அம்மையார் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைப் பார். 1982 முதல் சென்னையின் புற்றுநோயாளர் கணக்கு அங்கே எழுதப்படுகிறது. 2012 முதல் அக்கணக்கு தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்தது. நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தையும் பார். மருத்துவர் கஜலட்சுமியும், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலானோரும் சென்னையிலும் விழுப்புரத்திலும் நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. இறந்துபோன 43,000 ஆண்களின் வீட்டாரிடம் சென்று, 'எப்படி இறந்தார்? புகைத்தாரா?' என்று கேட்டறிந்தனர். காசநோயால் இறந்த ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகையும் காரணம் என்று கண்டனர். வீடு வீடாகச் சென்றவர் யார்? பயிற்சி பெற்ற பட்டதாரிகள், மருத்துவரல்லாதோர்! பயிற்சி என்ற ஒன்று இருந்ததால், ஒப்பாரிக்கு நடுவிலே கேட்ட சொல்லும் அறிவியலாயிற்று.

நமக்கு வராத கலையா இது? வந்த கலை! வளர்த்த கலை! ஆனால் பரவாத கலை. சென்னையின் நாலைந்து நிறுவனங்களிலே தங்கிவிட்ட கலை. அதுதான் என் குற்றச்சாட்டு.

இன்றைய நிலை என்ன? அன்று ஏடு குறைவு, எழுதுவோர் தேர்ந்தவர். இன்று ஏடு வெள்ளம்! கருவுற்ற தாய்க்கெல்லாம் பிக்மி எண். பிறப்பைப் பதியப் போனாலும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்திலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் வாசற்படியிலே அளந்து பதிகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் நாடு முழுமைக்கும் பதினான்கு இலக்கச் சுகாதார அடையாள எண் திட்டம். ஒவ்வொரு செவிலியர் கையிலும் ஒரு செயலி. ஒவ்வொரு செயலியிலும் ஓராயிரம் கட்டம்.

கட்டங்களை நிரப்புகிறவள் கிராமத்துச் செவிலி. காலையிலே தடுப்பூசி, மாலையிலே பதிவு, இரவிலே பதிவில் விட்டுப்போனதைத் திருத்தல். அவளிடம் "இந்தக் கட்டம் எதற்கு?" என்று யாரும் விளக்குவதில்லை. நிரப்பியபின் அது எந்த முடிவுக்குப் பயன்பட்டது என்று அவளுக்குத் திரும்பச் சொல்வதுமில்லை. வெட்டியவனுக்குத் தண்ணீர் தராத கிணறு, தோழனே, இந்தத் தகவற்கிணறு!

பயிற்சி உள்ள இடத்திலே என்ன நடக்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று 2022இல் தமிழ்நாட்டிலே தொடங்கினர். நோய் கண்டறியப்பட்ட அன்றே ஐந்து குறிகளைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை உண்டா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை, இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு, துணையின்றி நிற்க முடிகிறதா? அவ்வளவே! அவற்றைச் செயலியில் இட்டு, ஆபத்தான நிலையில் உள்ளவரை உடனே மருத்துவமனையிலே சேர்க்கிறார்கள். 2025இல், சேர்ந்த அந்தத் தகவலைக் கொண்டே, இறப்பு நேரும் வாய்ப்பைக் கணிக்கும் முறையையும் அதே செயலியில் இணைத்தனர். ஐந்நூறு கட்டமல்ல, ஐந்தே குறி! எதைக் கேட்க வேண்டும் என்பதைவிட எதைக் கேட்க வேண்டாம் என்று அறிவதே பயிற்சியின் முதற்பாடம்.

பயிற்சி இல்லாத இடத்திலே என்ன நடக்கிறது? ஏழை நாட்டை விடு. செல்வச் செழிப்பு மிக்க இங்கிலாந்தைப் பார். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், கொரோனாத் தொற்று உறுதியானோர் 15,841 பேர் அரசின் அன்றாடக் கணக்கிலே சேராமல் விடுபட்டனர்! எதிரி நாடு சதி செய்ததா? இல்லை. பழைய வகை எக்செல் கோப்பிலே 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. வரி நிரம்பியது, மீதி மனிதர்கள் கீழே விழுந்தனர். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை நாட்கணக்கில் தாமதமாயிற்று. கோப்பின் கொள்ளளவை அறிந்த ஒருவர் உரிய இடத்திலே இருந்திருந்தால்?

மரபணு ஆய்வாளரின் கதை இன்னும் வேடிக்கை. 'மார்ச் 1' என்பது போன்ற சுருக்கப் பெயருடைய மரபணுக்கள் உண்டு. எக்செல் அதைத் தேதியென்று எண்ணி மாற்றிவிடும். அத்தகைய மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலே இப்பிழை இருந்ததாக 2016இல் கண்டறிந்தனர். கடைசியிலே 2020இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றினர்! கருவிக்கு மனிதன் பணிந்த காட்சி.

மூன்றாவது காட்சி கொடியது. 2020 மே மாதம், ஆறு கண்டங்களில் 671 மருத்துவமனைகளிலிருந்து 96,000 நோயாளிகளின் தகவல் என்று சொல்லி, லான்செட் ஏட்டிலே ஒரு கட்டுரை வந்தது. உலக சுகாதார நிறுவனம் அதை நம்பித் தன் ஆய்வின் ஒரு பகுதியையே நிறுத்தி வைத்தது. "மூலத் தகவல் எங்கே? காட்டு!" என்று ஆய்வாளர் பலர் கேட்டனர். காட்டவில்லை. இரண்டு வாரத்திலே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 'மூலத்தைக் காட்டு' என்று கேட்கத் தெரிந்தவர் இருந்ததால் உலகம் பிழைத்தது. அக்கேள்வியைக் கேட்கும் துணிவும் அறிவும் நம் மாவட்டத்து மருத்துவ மாணவனுக்கு வர வேண்டாமா?

இப்போது எதிர்வாதம் வருகிறது. மேடையேற்றிக் காட்டுகிறேன்.

"ஐயா, இதற்கெல்லாம் கணினி நிறுவனம் இருக்கிறதே! பணம் கொடுத்தால் செய்து தருவார்கள்."

"செய்து தருவார்கள், ஐயா. ஆனால் எதைச் செய்வதென்று யார் சொல்வது? நோயறியாத கணினிக்காரர் ஒருபுறம், கணினியறியாத மருத்துவர் மறுபுறம். நடுவிலே மொழிபெயர்க்க ஒருவர் வேண்டாமா?"

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது! கேட்டால் கணக்குப் போட்டுத் தருகிறது. பயிற்சி எதற்கு?"

"போட்டுத் தருகிறது, மெய்தான். 'சாமி' நாற்பது பேரை ஒருவரென்று எண்ணியும் அழகாகப் போட்டுத் தரும். தவறான கணக்கை மணிப்பிரவாள நடையிலே எழுதித் தந்தால் அது சரியான கணக்காகிவிடுமா? வல்ல கருவி வந்தால் சரிபார்க்கும் கண் கூடுதலாக வேண்டும்."

"மருத்துவருக்கு நேரமேது?"

"நேரமில்லை என்பது உண்மை. ஆகவேதான் மருத்துவரை மட்டும் நம்பாதீர் என்கிறோம். புள்ளியியலாளர், செவிலியர், ஆய்வகப் பணியாளர் அனைவருக்கும் கற்றுக்கொடுங்கள், பணியிடமும் கொடுங்கள்!"

அடுத்து, நம் மொழியின் கதை. தமிழனுக்குத் தந்தை பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. படிவமோ 'முதற்பெயர், கடைசிப்பெயர்' என்று கேட்கும். ஓரிடத்திலே மு. கனிமொழி, வேறிடத்திலே கனிமொழி முருகேசன். ஆங்கில எழுத்திலே 'ழ'வை ஒருவர் ஒருவிதம், மற்றவர் வேறுவிதம் எழுதுவர். ஓசையொத்த பெயர்களைச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918இல் அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றனர். அது அவர்கள் பெயருக்கு ஏற்றது. பொன்னுசாமிக்கும் பொன்னுச்சாமிக்கும் ஏற்ற முறையை அமெரிக்கன் வந்து செய்து தருவானா? நோயாளி 'இளைப்பு' என்கிறாள். அது ஆஸ்துமாவா, இதயநோயா, வெறும் களைப்பா? 'சூடு' என்கிறாள், காய்ச்சலா, வயிற்று நோயா? இவற்றை உலக நோய் வகைப்பாட்டின் குறியீட்டுக்குக் கொண்டுசெல்ல, தமிழும் மருத்துவமும் கணினியும் மூன்றும் அறிந்தவர் வேண்டும். 1999இல் சென்னையிலே தமிழ் இணைய மாநாடு கூட்டி, தமிழுக்கென்று ஒரு விசைப்பலகையை வகுத்தவர் நாம். அந்த இனத்துக்கு இது இயலாத செயலா?

காவல் என்ற பாடமும் உண்டு. தனிமனிதத் தகவலைக் காக்க 2023இல் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. பெயரை அடித்துவிட்டால் போதும் என்று நினைப்போர் பலர். "ரமணாசிரமத்துக்கு அருகே, வயது 62, ஒரு கால் இல்லாதவர், காசநோய்" என்று எழுதினால், பெயர் எதற்கு? அந்தச் சாலையின் தேநீர்க் கடைக்காரர் ஆளைக் காட்டிவிடுவாரே! அடுத்த நாள் அவர் உட்காரும் திண்ணையிலிருந்து விரட்டப்படுவார். மறைப்பதும் ஒரு கலை. அதையும் கற்பிக்க வேண்டும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியே நடத்தும் ஆய்வு அடிப்படைப் பாடம், மருத்துவ மேற்படிப்பு மாணவர்க்குக் கட்டாயம். வரவேற்கிறோம். ஆனால் நீச்சலைக் காணொளியிலே பார்த்தவன் ஆற்றைக் கடக்க மாட்டான். தகவலைத் தொட்டு, கலைத்து, அடுக்கி, பிழை செய்து, திருத்திப் பழக ஓர் இடம் வேண்டும். பக்கத்திலே நின்று சொல்லித் தர ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை.

ஒன்று: ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஒரு தகவல் அறை, அதிலே நிரந்தரப் பணியிடத்தில் ஒரு தகவலியலாளர், ஒரு புள்ளியியலாளர்.

இரண்டு: படிவம் வகுத்தல், நோய்க்குறியீடு இடல், பிழை களைதல், பதிவு பொருத்தல், அடையாளம் மறைத்தல் ஆகிய ஐந்தையும் கைப்பழக்கமாகக் கற்பிக்கும் பாடம். ஆர் போன்ற கணக்கியல் மென்பொருள் இலவசம். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தார் வளர்த்த டி.ஹெச்.ஐ.எஸ். 2 என்னும் சுகாதாரத் தகவல் அமைப்பும் இலவசம். விலை காரணம் காட்ட வழியில்லை.

மூன்று: அப்பாடம் தமிழிலும் வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு 2020இல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கினோம். கல்லூரி வாயிலைத் திறந்த நாம், ஆய்வுக்கூட வாயிலை ஆங்கிலப் பூட்டால் பூட்டி வைப்பதா?

நான்கு: எழுதுகிறவளுக்கு எழுதியது திரும்ப வர வேண்டும். செவிலியர்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்க்கும் அவர்கள் பகுதியின் கணக்கை மாதந்தோறும் காட்டுங்கள். தன் கணக்கைத் தானே காண்கிறவள் பொய்யெண் எழுத மாட்டாள்.

தோழனே! இந்த வட்டாரத்து நோயின் கணக்கை யாரேனும் எழுதத்தான் போகிறார்கள். நம் பிள்ளைகள் கற்றால் அவர்கள் எழுதுவர்; கல்லாவிட்டால் நம் இரத்தமும் சளியும் இங்கிருந்து போகும், முடிவு வேறெங்கோ எழுதப்படும், அம்முடிவுக்கு நாம் கட்டுப்பட்டு மாத்திரை விழுங்குவோம். ஆளப்படுவோர் எண்ணப்படுவோராக மட்டும் இருந்தது போதும். எண்ணுவோராகவும் ஆக வேண்டும்!

வருகிற கிராம சபைக்குப் போ. பல்லாக்கு மேடைப் பேச்சு வேண்டாம். எழுந்து நின்று மூன்று கேள்வி கேள். "நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலே சென்ற ஆண்டு காசநோய் மருந்து தொடங்கியவர் எத்தனை பேர்? முடித்தவர் எத்தனை பேர்? அக்கணக்கைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்றவர் யார்?" முதலிரண்டு கேள்விக்கு எண் வரும். மூன்றாவது கேள்விக்குப் பெயர் வரும்வரை உட்காராதே!